பாமினிப் பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றியும் கூகுளில் ஏறவில்லை, உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையின் மருதமுனைக் கைத்தறிச் சாரம் (லுங்கி), சேலைகளுக்கான இணையத்தளம் ஒன்றைத் திருத்தி வருகிறோம். பழைய பக்கங்கள் முழுக்கப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் உள்ளவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான். அதனால் "கைத்தறிச் சாரம்" என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் வர வழியே இல்லை.

இப்போது யூனிகோடுக்கு (எல்லா மொழிகளுக்குமான பொது எழுத்துக் குறிமுறை) மாற்றிய பக்கங்களும், கூகுளில் நம் தளத்தின் நிலையைக் காட்டும் சேர்ச் கொன்சோலில் "க்ரோல் செய்யப்பட்டது, தற்போது இன்டெக்ஸ் செய்யப்படவில்லை" என்ற பட்டியலிலேயே நிற்கின்றன; அதாவது கூகுள் வந்து வாசித்தும் தேடலில் சேர்க்கவில்லை. ரோபோட்ஸ் கோப்பில் (தேடுபொறி எங்கே வரலாம் என்று சொல்லும் கோப்பு) தடை இல்லை, நோஇன்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே என்ற குறி) இல்லை, சைட்மேப் (பக்கங்களின் பட்டியல்) பிழையின்றி வாசிக்கப்பட்டிருக்கிறது. மாறிய முகவரிகளுக்கு 301 (புதிய முகவரிக்கு நிரந்தரத் திருப்பல்) போட்டாயிற்று.

எங்கள் சந்தேகம் உள்ளடக்கத்தில்தான். ஒரே சேலைக்கு நிறத்துக்கு ஒரு பக்கம், ஒவ்வொன்றிலும் அதே இரண்டு வரி. ஒத்த பக்கங்களில் எது முதன்மை என்று காட்டும் கனோனிக்கல் குறி வெறும் பரிந்துரைதான், கூகுள் அதை ஏற்காமலும் விடலாம். ஆகவே எல்லா நிறங்களையும் ஒரே பக்கத்தில் சேர்த்து, நூல், அகலம், நீளம், சாயம், துவைக்கும் முறை எல்லாம் விரிவாக எழுதுவதே நல்லது என்று நினைக்கிறோம். இப்படிச் செய்து பார்த்தவர்கள் பலன் எப்படி என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, இதுதான் அவசரம்: பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் முழுக் கோப்பையும் போட்டால் எச்டிஎம்எல் குறிகள், மின்னஞ்சல் முகவரிகள், ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் தமிழாகி, பக்கம் உடைந்துவிடுகிறது. பாமினி எழுத்துரு குறித்த இடங்களின் உரையை மட்டும் பிரித்து மாற்றும் பைதன் நிரல் யாரிடமாவது இருக்கிறதா?