சிக்னலில் நின்றால் இன்ஜின் சூட்டைக் காட்டுற முள் ஏறுது, ரேடியேட்டர் ஃபேன் வாயே திறக்கலை: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பார்த்ததை எழுதுங்க

மூணாவது கியர்:
1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின். ஓடும்போது முள் பதினோரு மணி நிலையைத் தாண்டாது. ஐடிலில் நிறுத்தினா நாலஞ்சு நிமிஷத்துல ஒரு மணிக்குப் போயிடும். ஃபியூஸ் பார்த்தாச்சு, ரிலே (ஃபேனுக்குக் கரன்ட் விடுற மின் சுவிட்ச்) மாத்தியாச்சு, ஃபேன் மோட்டாருக்கும் ஆர்டர் போட்டாச்சு. எல்லாம் வீண் செலவு. பானெட்டுக்குள்ள இருக்கிற டயக்னாஸ்டிக் பெட்டியைத் திறந்து டிஎஃப்ஏ (ஃபேனைத் தூண்டுற முனை), ஜிஎன்டி (எர்த் முனை) ரெண்டையும் ஒரு துண்டு ஒயரால இணைச்சு சாவியை ஆன் பண்ணினதும் ஃபேன் விர்ருன்னு சுத்துச்சு. மோட்டார், ரிலே, ஃபியூஸ், ஒயரிங் எல்லாமே நல்லா இருக்குன்னு அந்த ஒரு நொடியில தெரிஞ்சுபோச்சு. மிச்சம் தண்ணி சூடானதும் ஃபேனைப் போடுற தெர்மோ சுவிட்ச் மட்டும்தான். அது 97 டிகிரியில இணையணும். கழற்றி தண்ணியில போட்டு மல்டிமீட்டர் வச்சா, தண்ணி தளதளன்னு கொதிக்குது, மீட்டர் அசையவே இல்லை. ரெண்டு இன்ச் ஒயரால முதல்லயே முடிஞ்சிருக்க வேண்டிய வேலை.

பின்சக்கரம்:
போர்ஷே 944-ல கதையே வேற. அங்க ஃபேன் சுவிட்ச் ரேடியேட்டர்லயே இருக்கு. முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்துல, ரெண்டு ஃபேனும் அமைதி. சுவிட்ச் போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. மேல் ஹோஸ்ல கை வைக்க முடியலை, ஆனா கீழ் ஹோஸை நிதானமா பிடிச்சுட்டு நிக்கலாம், அவ்வளவு குளிர்ச்சி. தெர்மோஸ்டாட், அதாவது சூடேறினதும் ரேடியேட்டருக்கு வழி விடுற வால்வு, திறக்காம மாட்டிக்கிச்சு. ரேடியேட்டருக்குச் சூடான தண்ணியே வரலைன்னா சுவிட்ச் எதை உணர்ந்து ஃபேனைப் போடும்? குற்றம் அதுமேல இல்லை. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) மாத்தினப்புறம் உள்ளே காத்து அடைச்சாலும் இதே மாதிரிதான் காட்டும். ஹெட் முன்பக்கத் தண்ணிக் கழுத்துல இருக்கிற பிளீட் ஸ்க்ரூவை (காத்தை வெளியேத்துற திருகு) தளர்த்தி, குமிழி நின்னு வெறும் தண்ணி வர்ற வரைக்கும் விடணும்.

இன்னொண்ணு. வண்டியை அணைச்சப்புறமும் ஃபேன் ஓடுதேன்னு பேட்டரியைக் கழற்றாதீங்க. பிற்கால 944-ல அது அப்படித்தான் ஓடணும்.

சில்வர் கூபே:
இவ்வளவு எதுக்கு? 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டு, டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வச்சு ஃபேனைக் கையால ஓட்டினா முடிஞ்சுது. ஒரு எம்எக்ஸ்-5-ல அப்படித்தான் இருந்துச்சு, ஜம்முன்னு ஓடுச்சு.

மல்டிமீட்டர்:
சில்வர் கூபே சொன்னதில் ரெண்டு விஷயம் கலந்திருக்கு, பிரிச்சுப் பார்க்கணும்.

தெர்மோஸ்டாட் முடிவு செய்வது கீழ் எல்லையை மட்டும். வழக்கமான 88-க்குப் பதில் 82 போட்டால் ரேடியேட்டருக்கான வழி கொஞ்சம் முன்னாடி திறக்கும், அவ்வளவுதான். நிக்கிற வண்டியில் காத்து ஓட்டம் இல்லையென்றால் தண்ணீர் எப்படியும் 97-ஐத் தொடும், ஒன்றிரண்டு நிமிஷம் தள்ளிப்போகும். ஃபேன் சீக்கிரம் வரணும்னா மாத்த வேண்டியது சுவிட்ச். அதிலும் கணக்கு இருக்கு: ஃபேன் நிற்கும் வெப்பநிலை, தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலையைவிட மேலே இருக்கணும். 82 தெர்மோஸ்டாட்டோடு 75-ல் அணையும் சுவிட்சைப் போட்டால், சூடேறின பிறகு ஃபேன் கிட்டத்தட்ட நிற்கவே நிற்காது.

டேஷ்போர்டு சுவிட்ச் தப்பில்லை, ஒயர் போகும் வழிதான் தப்பு. ஃபேனுக்குப் போகும் கரன்ட் முழுவதையும் கேபினுக்குள் கொண்டு வந்த ஒரு வண்டியில் சுவிட்சின் பின்பக்க பிளாஸ்டிக் மெழுகு மாதிரி வழிந்து, ஸ்பேட் முனை அதில் புதைந்து கிடந்தது. எம்எக்ஸ்-5-க்கு அந்தத் தேவையே இல்லை. டிஎஃப்ஏ இணைப்பிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், சுவிட்ச், எர்த். ரிலேயை இயக்கும் சின்னக் கரன்ட் மட்டும்தான் அதில் ஓடும். தெர்மோ சுவிட்சும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், கையால் போட மறந்தாலும் கவலையில்லை.

ஃபேன் ஓடினாலும் மெதுவாகச் சுற்றினால், ஓடும்போதே வோல்டேஜ் அளக்கவும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபேன் பிளஸ் வரை, பிறகு ஃபேன் மைனஸிலிருந்து பேட்டரி மைனஸ் வரை. எந்தப் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் விழுகிறதோ, அங்கே துருவோ கருகின ரிலே முனையோ இருக்கும். பெரும்பாலும் எர்த் பக்கம்தான்.

அரைகுறை மெக்கானிக்:
ஃபேன் ஃபுல் ஸ்பீடுல ஓடியும் சூடு குறையாத ஒரு வண்டி. பழைய பிளக்கை வெட்டி வேற பிளக் போட்டிருந்தாங்க, ரெண்டு ஒயரும் இடம் மாறிப்போச்சு. ரேடியேட்டர் முன்னாடி ஒரு தாளைக் காட்டினதும் ஒட்டிக்காம பறந்து வந்து மூஞ்சியில விழுந்துச்சு. இன்ஜின் பக்கச் சூட்டை முன்னாடி தள்ளிட்டு இருந்திருக்கு! ரேடியேட்டருக்குப் பின்பக்கம் பொருத்தின ஃபேன் காத்தை உள்ளே இழுக்கணும், தாள் ஒட்டி நிக்கணும்.

மூணாவது கியர்:
தாள் டெஸ்ட் சூப்பர். மல்டிமீட்டர் அண்ணே, நான் ஒயரிங்ல இவ்வளவு கேக்கவே இல்லையே :)

நீலநிற கூலன்ட்:
எல்லாரும் நிக்கிற வண்டியையே பேசுறீங்க. ஐடிலில் சரியா இருந்து 100 கி.மீ. வேகத்துல மட்டும் முள் ஏறுற எம்எக்ஸ்-5 ஒண்ணு. ஃபேனைத் தேடிப் புண்ணியமில்லை, அந்த வேகத்துல ஃபேனுக்கு வேலையே கிடையாது. குனிஞ்சு பார்த்தா இன்ஜினுக்கு அடியில மூடுற கீழ்த் தட்டு இல்லை. யாரோ ஆயில் மாத்தக் கழற்றி, திரும்ப மாட்டாம விட்டிருக்காங்க. காத்து ரேடியேட்டர் வழியா போகாம அடியில நழுவிடுது. தட்டையும் ரேடியேட்டர் ஓரத்து ஃபோமையும் திரும்பப் போட்டதும் முள் பதினோரு மணிக்கு வந்துடுச்சு.

கூடவே ரேடியேட்டர் மூடியையும் பாருங்க. 0.9 பார் தாங்குற மூடி இருந்தா வெறும் தண்ணிகூட 118 டிகிரி கிட்டத்தான் கொதிக்கும். ரப்பர் கிழிஞ்சிருந்தா 100-லயே கொதிச்சு, நீராவி சுவிட்ச் முனையைச் சூழ்ந்துக்கும், ஃபேன் வர்ற நேரம் தப்பிப்போகும். இன்ஜின் ஆறாம மூடியைத் தொடாதீங்க. கறுப்பா இருந்த ரேடியேட்டர் பிளாஸ்டிக் மேல்பகுதி காவி நிறமா வெளுத்திருந்தா அது விரிசல் விடத் தயாரா இருக்கு, சுவிட்சுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி அதை மாத்துங்க.

பின்சக்கரம்:
அந்த காவி நிறம் உண்மைதான். 944-க்கும் ஒரு வார்த்தை: ஃபேன் நேரா ஹை ஸ்பீடுலதான் வருது, லோ ஸ்பீடே இல்லைன்னா, சுவிட்சைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி ரெசிஸ்டரை (கரன்டைக் குறைச்சு லோ ஸ்பீடு தர்ற பாகம்) பாருங்க. உள்ளே கம்பி அறுந்திருக்கும்.