1296 மெகாஹெர்ட்ஸ் நிலவு எதிரொலி: சூரிய இரைச்சல் 7 டெசிபல்தான், குறை டிஷ்ஷிலா, பிரீஆம்பிலா?

கேள்வி

வணக்கம். 3 மீட்டர் டிஷ், அது குவிக்கும் அலைகளை வாங்கும் செப்டம் ஃபீட், அதன் பின்னே சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப் என்ற அமைப்பில், நிலவில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையான நிலவு எதிரொலியைக் கேட்க முயன்று வருகிறேன். டிஷ்ஷைச் சூரியன் மேல் வைத்தும் பிறகு வெறும் வானத்தின் மேல் வைத்தும் அளந்தால், இடைவெளி 7 டெசிபல்தான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் லியர்மன்த் நிலையம் 1415 மெகாஹெர்ட்ஸுக்கு அன்று தந்த சூரியப் பாயம் (சூரியனிலிருந்து வந்து சேரும் ரேடியோ ஆற்றலின் அளவு) ஏறத்தாழ 60 அலகு என்பதால், பத்தரை டெசிபல் வரும் என்று கணக்கிட்டிருந்தேன். எதை மாற்றுவது?

மறுமொழி 1

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள், ஐயா. சூரிய அளவீடு ஆன்டெனாவின் கெயினுக்கும் (அலைகளை ஒரு திசையில் குவிக்கும் வலிமை) அமைப்பின் இரைச்சல் வெப்பநிலைக்கும் (அதன் மொத்த இரைச்சலைக் கெல்வினில் சொல்லும் அளவு) உள்ள விகிதத்தை மட்டுமே காட்டும். கெயின் பாதியானாலும் இரைச்சல் இருமடங்கானாலும் மீட்டர் ஒரே அளவுதான் இறங்கும். இரண்டையும் பிரித்தறிய, ஏறத்தாழ 300 கெல்வினில் இருக்கும் தரையை நோக்கி டிஷ்ஷைச் சாய்த்து, அதையும் வெறும் வானத்தையும் ஒப்பிடுங்கள். பால்வீதியின் தளத்தை விட்டு விலகிய, 30 பாகைக்கு மேலான வானமாக அது இருக்கட்டும். ரிசீவரின் பெருக்கத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஏ.ஜி.சி.யை அணைக்க மறந்தால் எல்லா அளவும் பொய்யாகிவிடும்.

கேட்டவர்

ஏ.ஜி.சி. அணைந்தே இருந்தது. தரைக்கும் வானத்துக்கும் 4.5 டெசிபல் வருகிறது.

மறுமொழி 2

அப்படியானால் இரண்டு இடத்திலும் குறை இருக்கிறது. வானமும் டிஷ்ஷின் விளிம்பைத் தாண்டிக் கசியும் தரை இரைச்சலும் சேர்ந்து 40 கெல்வின் என்று கொண்டால், 4.5 டெசிபலுக்கு உங்கள் ரிசீவர் 103 கெல்வினும் மொத்த அமைப்பு 143 கெல்வினும் ஆகின்றன. நல்ல பிரீஆம்ப் ஃபீடோடு ஒட்டியிருந்தால் மொத்தமே 80 கெல்வினில் அடங்கும். அந்த 143-ஐ வைத்துச் சூரிய அளவைத் திருப்பிக் கணக்கிட்டால், 55 விழுக்காடு இருக்க வேண்டிய டிஷ்ஷின் திறன் (மேலே விழும் அலையில் அது பயன்படுத்திக்கொள்ளும் பங்கு) 37-இல் நிற்கிறது. ஃபீடுக்கும் பிரீஆம்புக்கும் நடுவே என்ன இருக்கிறது?

கேட்டவர்

மழைக்குப் பயந்து பிரீஆம்பைப் பெட்டிக்குள் வைத்து, அரை மீட்டர் மெல்லிய கோஆக்ஸ் கேபிளால் இணைத்திருந்தேன். அதை நீக்கி ஃபீடிலேயே நேராகத் திருகியதும், தரை அளவு 5.6 டெசிபலுக்கும் சூரிய அளவு 8.3 டெசிபலுக்கும் ஏறின. அந்தக் கேபிளின் அரை டெசிபல் இழப்புக்கு இவ்வளவு விலை என்று நான் நினைக்கவே இல்லை.

மறுமொழி 2

இழப்பு பிரீஆம்புக்கு முன்னால் இருந்தால், அது சிக்னலைக் குறைப்பதோடு நிற்காமல் தானும் இரைச்சலைச் சேர்க்கிறது. உங்கள் அரை டெசிபல் 44 கெல்வினைக் கூட்டியிருந்தது. இனி மிச்சமிருப்பது டிஷ்ஷின் திறன்தான். ஃபீடை ஒவ்வொரு சென்டிமீட்டராக முன்னும் பின்னும் நகர்த்தி, சூரிய இரைச்சல் உச்சத்தைத் தொடும் இடத்தில் இறுக்குங்கள். நான்கு நிமிடத்தில் சூரியன் ஒரு பாகை நகர்ந்துவிடும், உங்கள் கற்றையின் அகலமோ ஐந்தரைப் பாகைதான். எனவே ஒவ்வொரு முறையும் டிஷ்ஷை மறுபடி சூரியனுக்கு நேராக்கிய பின்பே அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.