ஏர் ரைஃபிள் ஸ்கோப்: உள்ளே ஆவி படியுது, ஜீரோ நிக்கல. திறக்கலாமா, வாரண்டிக்கு அனுப்பலாமா?

கல்லுக்கட்டி:

வணக்கம். ஊர் காரைக்குடி. .177 பிரேக் பேரல் ஸ்பிரிங் ரைஃபிள், மேல 3-9x40 ஸ்கோப். 1 இன்ச் குழாய், துப்பாக்கி மேல இருக்கிற 11 மி.மீ. டவ்டெயில் ரெயில்ல ரெண்டு தனி ரிங். முன் லென்ஸ்ல தூரம் திருப்புற வளையம் கிடையாது.

10 மீட்டர்ல ஜீரோ வச்சா (குறுக்குக்கோடும் குண்டு படுற இடமும் ஒண்ணாக்கினா) 30, 40 குண்டுக்குள்ள குரூப், அதாவது குண்டுத் துளைக் கூட்டம், 15 மி.மீ. கீழே இடப்பக்கமா போயிடுது. டரெட்டை (குறியை நகர்த்துற திருகுமுடி) 8 கிளிக் திருப்பினா ஒண்ணும் ஆகல, அடுத்த ரெண்டு குண்டுல திடீர்னு தாவுது. காலையில உள்ளே மூட்டம். முன் லென்ஸ் ஓரத்துல சிலந்தி நூல் மாதிரி ஒரு நட்சத்திரம் வேற.

பெட்டியில 'லைஃப்டைம் வாரண்டி'ன்னு போட்டிருக்கு. அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரர் வாங்கினது, பில் இல்ல. இங்க அதே பிராண்டு விக்கிற கடையில கேட்டா "நாங்க வித்ததில்லை"ன்னு முடிச்சுட்டாங்க. நானே திறக்கலாமா? 10, 15, 20, 25 மீட்டர் குறிச்ச டயல் செஞ்சு தர்ற ஆள் யாராவது உண்டா?

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, ஸ்கோப்பைத் திறக்கிற பேச்சு அப்புறம். முதல்ல ரிங்கைப் பாருங்க. ஸ்பிரிங் ரைஃபிள்ல ரெண்டு உதை. பிஸ்டன் கிளம்பும்போது துப்பாக்கி பின்னால வரும், பிஸ்டன் முட்டி நிக்கும்போது முன்னால வெட்டும். அந்த வெட்டுலதான் மவுண்ட் ரெயில் மேல கொஞ்சம் கொஞ்சமா பின்னால ஊர்ந்து போகும். பெரிய தோட்டா ரைஃபிளுக்குன்னு செஞ்ச ஸ்கோப் ஒரு திசை உதையைத்தான் எதிர்பார்க்கும். விலை கூடின ஸ்கோப்பா இருந்தாலும் ஸ்பிரிங் ரைஃபிள்ல உள்ள லென்ஸ் வளையம் கழர்றது இதனாலதான்.

ரிங் அடிப்பாகம் ரெயிலைத் தொடுற இடத்துல மெல்லிய மார்க்கரால ரெண்டு பக்கமும் கோடு போடுங்க. குழாயும் ரிங்கும் சேர்ற இடத்துலயும் ஒரு கோடு. 40 குண்டு சுட்டுட்டுப் பாருங்க. ரெயில் கோடு பிரிஞ்சா மவுண்ட் ஊருது, குழாய் கோடு பிரிஞ்சா ரிங் பிடிக்கல.

ஊர்ந்தா எல்லாத்தையும் கழட்டி ரெயில், ரிங் உள்பக்கம், குழாய் மூணையும் மொபைல் சர்வீஸ் கடையில இருக்குமே ஐ.பி.ஏ. (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்), அதால துடைங்க. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற வரைக்கும் எந்த இறுக்கமும் நிக்காது. ரெயில் மேல ஸ்டாப் பின் (ஊராம தடுக்கிற முளை) துளை இருந்தா, அந்த முளை உள்ள ஒரே துண்டு மவுண்ட் வாங்குங்க. துளை இல்லாட்டி பின்பக்க ரிங்குக்குப் பின்னால ஒரு அரெஸ்டர் பிளாக், அதாவது ரெயிலைப் பிடிச்சுக்கிற தடைக்கட்டை. ரிங் மூடி ஸ்க்ரூ 15 முதல் 18 இன்ச் பவுண்டு, அதாவது சுமார் 2 நியூட்டன் மீட்டர். டார்க் டிரைவர் இல்லேன்னா அலன் கீயோட குட்டைக் கையை ரெண்டு விரலால பிடிச்சு, முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணுன்னு குறுக்கு மறுக்கா இறுக்குங்க. நீளக் கையைப் பிடிச்சுத் திருகினா குழாய் நசுங்கும். நசுங்கின இடத்துல, டரெட் நகர்த்துற உள்குழாய் உரசுச்சுன்னா கிளிக்கே வேலை செய்யாது.

கிளிக் சோதனை: ஒரு MOA-ங்கிறது (ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு கோணம்) 100 மீட்டர்ல 29 மி.மீ., 10 மீட்டர்ல 2.9. கால் MOA கிளிக்னா 10 மீட்டர்ல 0.73 மி.மீ. ஸ்டாண்டுல வச்சு 40 கிளிக் மேலே திருப்பினா குரூப் 29 மி.மீ. ஏறணும், 40 கிளிக் இறக்கினா பழைய துளைக்கே வரணும். சில ஸ்கோப் 'நூறு கெஜத்துக்குக் கால் இன்ச்' கணக்கு, அதுல 28 வரும், அது தப்பில்ல. ஏறினது 20ன்னு வந்தாலோ, திரும்பி வராட்டாலோ உள்குழாயைத் தாங்குற ஸ்பிரிங் சோர்ந்துடுச்சு.

அதுக்கும் ஒரு 'ஆனா' இருக்கு. பிரேக் பேரல் பலதுல பேரல் லேசா கீழ் நோக்கித் தொங்கும். அதைச் சரிக்கட்ட டரெட்டை உச்சிவரை ஏத்தி வச்சிருந்தா, அங்க அந்த ஸ்பிரிங்குக்கு அழுத்தமே இருக்காது. நீங்க சொல்ற 'முதல்ல ஒண்ணுமில்ல, அப்புறம் தாவல்' அச்சு அசல் அதுதான். ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை கிளிக் எண்ணி, பாதிக்குக் கொண்டாந்து வைங்க. மீதி ஏத்தத்துக்குப் பின்பக்க ரிங் அடியில குளிர்பான டின் தகட்டுத் துண்டு ஒண்ணு. கனம் 0.1 மி.மீ. இருக்கும். ரிங் இடைவெளி 100 மி.மீ.ன்னா 10 மீட்டர்ல 10 மி.மீ. தூக்கும். மூணு துண்டுக்கு மேல வைக்காதீங்க, குழாய் வளையும். அதுக்கு மேல வேணும்னா சாய்வு மவுண்ட்தான்.

பள்ளத்தூர் கண்ணாடி:

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க: பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தா குறியும் நகர்ற மாதிரி தெரியறது. தூர வளையம் இல்லாத 3-9x40 பெரும்பாலும் 100 கெஜத்துக்கு அமைச்சது. அதை 10 மீட்டர்ல வச்சுக் கண் நடுவுலேர்ந்து ஓரத்துக்குப் போனா, தப்பு 15 மி.மீ.க்கு மேலேயே போகலாம். கன்னத்தை ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல வச்சாலே உங்க 15 மி.மீ. வந்துடும். ரைஃபிளை மூட்டை மேல அசையாம வச்சுக்கிட்டுத் தலையை மட்டும் ஆட்டிப் பாருங்க. குறுக்குக்கோடு இலக்கு மேல நீந்தினா அதுதான் விஷயம்.

மூட்டம் உள்ளயா வெளியயான்னு தெரிய: ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில போட்டு முன் லென்ஸ் மேல ஒரு நிமிஷம். எடுத்து வெளிப்பக்கத்தைத் துடைங்க. துடைச்சும் போகாட்டி உள்ளதான், மூட்டம் வராம இருக்க அடைச்ச நைட்ரஜன் போயாச்சு, ஓ-ரிங் (ரப்பர் சீல்) விட்டிருக்கு. வெந்நீர்ல முக்கிக் குமிழி பார்க்கிற வேலையை இப்ப செய்யாதீங்க. ஏற்கனவே விட்ட சீல், ஆறும்போது தண்ணியை உள்ளே இழுக்கும்.

அந்த நட்சத்திரம் பூஞ்சை. இங்க இது வர்றதுக்கு மழை மட்டும் காரணமில்ல. வருஷத்துல பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வளவு வீடு, காத்து போகாத ரெண்டாங்கட்டு அறை, அதுல தோல் உறை, உறைக்குள்ள ஸ்கோப். தோல் ஈரத்தை வாங்கி வச்சுக்கும், பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு. பூச்சி உருண்டை போட்ட பீரோவுல வைக்கிறது இன்னும் மோசம், அந்த ஆவி கண்ணாடி மேல படலமாப் படியும். அரிசிப் பானையும் வேணாம், தவிட்டுத் தூசிதான் மிச்சம்.

5 லிட்டர் எவர்சில்வர் சம்படம், மூடியில ரப்பர் வளையம், உள்ள 50 கிராம் நீல சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. 40லிருந்து 50 சதவீதம் நிக்கணும். ஜெல் ரோஸ் ஆனா 110, 120 டிகிரியில ரெண்டு மணி நேரம் வறுத்தா மறுபடி நீலமாகும். சமைக்கிற சட்டியில வறுக்க வேண்டாம், அந்த நீலம் கோபால்ட்.

திறக்கிறதா இருந்தா வாரண்டியை முதல்ல தீர்த்துக்குங்க, அப்புறம் சொல்றேன்.

கல்லுக்கட்டி:

பார்த்தேன். ரெயில் கோடு 40 குண்டுக்கு 1.5 மி.மீ. பின்னால. டரெட் உச்சிக்கு 6 கிளிக் பாக்கி! ஐஸ் சோதனையில மூட்டம் உள்ளதான். குறுக்குக்கோடும் நீந்துது.

கண்டனூர்:

பள்ளத்தூர் அண்ணன் ஒழுங்காச் சொன்னாரு, வாரண்டிக்கு முன்னாடி திறக்காதீங்க. வெளியாள் ஸ்பேனர் பட்ட தடம் லென்ஸ் வளையத்துல இருந்தா பெரும்பாலான கம்பெனி கையை விரிச்சுடும்.

'லைஃப்டைம்'னா யார் ஆயுள்னு அட்டையில தேடுங்க. வோர்டெக்ஸோட விஐபி வாரண்டி பில் கேட்காது, கை மாறினாலும் செல்லும். தொலைஞ்சது, திருடு போனது, வேணும்னே உடைச்சது, வேலையைப் பாதிக்காத கீறல் இதுக்கெல்லாம் கிடையாது. லியூபோல்டு கோல்டன் ரிங் ஸ்கோப்புக்கும் முதல் உரிமையாளரா இருக்கணும்னு இல்ல, ஆனா எலக்ட்ரானிக் பகுதிக்குக் காலக் கெடு தனி. பேர் தெரியாத பிராண்டுல 'பொருளின் ஆயுள்'னு இருக்கும். அந்த மாடல் நின்னதும் ஆயுளும் முடிஞ்சது.

வாரண்டி செல்லுங்கிறது வேற, பொருள் போய்த் திரும்பி வர்றது வேற. முதல்ல சீரியல் நம்பர், பழுது விவரம், ஐஸ் சோதனைப் படம் மூணையும் கம்பெனிக்கு மின்னஞ்சல் பண்ணி, இந்தியாவுக்கான விநியோகஸ்தர் வழியா எடுத்துக்குவாங்களான்னு எழுத்துல பதில் வாங்குங்க. அமெரிக்காவுக்கே போகணும்னா, அங்க ரைஃபிள் ஸ்கோப் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கிற பொருள். திருப்பி அனுப்ப லைசென்ஸ் கேட்கலாம். சொந்தக்காரர் சூட்கேஸ்ல போட்டுக் கொண்டாந்தாலும் அது ஏற்றுமதிதான்.

இங்கேர்ந்து அனுப்பினா, போகும்போதே 'ரிப்பேருக்காக'ன்னும் சீரியல் நம்பரும் ஷிப்பிங் பில்லுல ஏறணும். அப்படி இருந்தாத்தான் ரிப்பேருக்குப் போய்த் திரும்புற பொருளுக்கான சுங்கச் சலுகையைக் காட்டி, ரிப்பேர் செலவு, காப்பீடு, போக வரக் கூலி இதுக்கு மட்டும் வரி கட்டி எடுக்கலாம். இல்லாட்டி முழு விலைக்கும் வரி. 8,000 ரூபாய் ஸ்கோப்புக்கு இந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. 60,000 ரூபாய் ஸ்கோப்னா ஒரு கஸ்டம்ஸ் ஏஜெண்டைப் பார்த்துட்டுச் செய்யுங்க.

கடைக்காரர் மேல உங்களுக்கு வழக்கில்ல, அவர் விக்கல. இங்க பில் போட்டு வாங்கினவங்களுக்குத்தான் நுகர்வோர் ஆணையம். காரணம் எழுந்த நாள்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள, 5 லட்சம் வரைக்கும் கட்டணமில்லாம போடலாம்.

கல்லுக்கட்டி:

அட்டையில 'பொருளின் ஆயுள்'னுதான் இருக்கு. மாடலும் நின்னு போச்சாம். அப்ப திறந்துடலாமா?

பள்ளத்தூர் கண்ணாடி:

திறக்கலாம், முன்பக்கம் மட்டும். நடுக்குழாயைத் தொட வேண்டாம். அங்கதான் குறுக்குக்கோடு இருக்கு. கம்பியா இருந்தா மூச்சுக்காத்துக்கே அறும், பொறிச்ச கண்ணாடின்னா துடைச்ச தடம் ஆயுசுக்கும் கண்ணுல தெரியும்.

ஏப்ரல், மே மதியம் நல்ல நேரம், காத்துல ஈரம் குறைவு. முன்னால இருக்கிற அலங்கார வளையத்தைக் கழட்டினா லென்ஸ் கூட்டுல ரெண்டு வெட்டு தெரியும். லென்ஸ் ஸ்பேனரால திருகுங்க, கத்திரி முனை வேண்டாம், வழுக்கினா கண்ணாடி போச்சு. எத்தனை சுத்துல கழருதுன்னு எண்ணி எழுதி வைங்க. பூஞ்சை தனி முகத்துல இருந்தா 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்ட பஞ்சு, அப்புறம் ஐ.பி.ஏ., நடுவுலேர்ந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பு. மெடிக்கல்ல வர்றது பெரும்பாலும் 6 சதவீதம், சம அளவு டிஸ்டில்டு வாட்டர் ஊத்திக்குங்க. ஒட்டின ரெண்டு லென்ஸுக்கு நடுவுல இருந்தா விட்டுடுங்க, ஓரத்துல இருக்கிற வரைக்கும் படம் பெருசா கெடாது. பூஞ்சை போன இடத்துல கோட்டிங் அரிச்சிருந்தா அது வராது.

லென்ஸ் கூட்டையும் குழாயையும் வாய் திறந்தபடி சிலிக்கா சம்படத்துல 48 மணி நேரம். புது நைட்ரைல் ஓ-ரிங், அதுக்கு மெல்லிசா சிலிக்கான் கிரீஸ். திருப்பிப் போடும்போதே பாரலாக்ஸையும் சரி பண்ணிடுங்க: எழுதி வச்ச இடத்துலேர்ந்து கால் கால் சுத்தா வெளியே எடுத்து, 15 மீட்டர்ல தலை ஆட்டினா கோடு நீந்தாத இடத்துல நிறுத்துங்க. லென்ஸ் வெளியே வர வர கிட்ட ஃபோகஸ் ஆகும். அலங்கார வளையம் திரும்பப் பிடிக்க மூணு மரையாவது மிச்சம் இருக்கணும்.

தேவகோட்டை ரஸ்தா:

நைட்ரஜனுக்கு டயர் கடைக்குப் போகச் சொல்லி யாராவது வருவாங்க, போகாதீங்க. அந்தக் குழாய்ல கம்ப்ரெஸர் எண்ணெய் வரும், உங்க ஸ்கோப்புல வால்வும் கிடையாது. காய்ஞ்ச காத்தே போதும்.

உள் ஸ்பிரிங் நிஜமாவே போயிருந்தா மதுரை, திருச்சிப் பக்கம் சர்வேக்காரங்களோட ஆட்டோ லெவல், தியோடலைட் சர்வீஸ் பண்றவங்களைக் கேளுங்க. கேமரா மெக்கானிக்கை விட இவங்க பொருத்தம். குறுக்குக்கோடு மையம் பிடிக்கிறதே அவங்க தினசரி வேலை, கோலிமேட்டரும் வச்சிருப்பாங்க.

டயலுக்கு ஆள் வேணாம். லியூபோல்டு மாதிரிக் கம்பெனி தோட்டா, வேகம், உயரம், வெப்பம் கேட்டுப் பொறிச்சுத் தர்றாங்க, அது அவங்க ஸ்கோப்புக்கு. உங்களுக்குக் காகிதப் பட்டை போதும். டரெட் விட்டத்தை 3.14-ஆல பெருக்குங்க. 30 மி.மீ.ன்னா சுத்தளவு 94.2. ஒரு சுத்துக்கு 60 கிளிக்னா ஒரு கிளிக்குக்கு 1.57 மி.மீ. ஒரே டின் குண்டுல 10, 15, 20, 25 மீட்டருக்கு எத்தனை கிளிக்னு சுட்டே எடுங்க, ஃபோன் ஆப் கணக்கை நம்பாதீங்க. லேசர் பிரிண்ட் எடுத்து மேல கண்ணாடி டேப். இங்க்ஜெட் வியர்வைக்குக் கரையும்.

இடம்? முகப்புலேர்ந்து பின்கட்டு வரைக்கும் வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கிற வீடா இருந்தா 25 மீட்டர் உள்ளயே கிடைக்கும், காத்துத் தொல்லையும் இல்ல. பின்வாசலையும் பக்கக் கதவுகளையும் உள்ளேர்ந்து தாழ் போட்டுட்டு, மணல் கொட்டின கனமான மரப்பெட்டியைத் தடுப்பா வைங்க. வெறும் ஆத்தங்குடிக் கல்லு முன்னால வேண்டாம், குண்டு தெறிச்சுத் திரும்பி வரும். கண்மாய்ப் பக்கம் கொக்கு, நாரையைக் குறிவச்சு ஸ்கோப் பார்க்கிற வேலையும் கூடாது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சுத்தி இருக்கிற ஊர்க்காரங்க பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே போடறதில்ல.

கல்லுக்கட்டி:

அரெஸ்டர் பிளாக் ஆர்டர் பண்ணியாச்சு. ரெண்டு டின் துண்டு வச்சு டரெட்டை நடுவுக்குக் கொண்டாந்தேன். இப்ப 40 கிளிக்குக்கு 28 மி.மீ. ஏறுது, திரும்பியும் வருது. லென்ஸ் வேலை மே மாசம்.