வகுப்பில் ஒரு மாணவி கர்ப்பமாக இருக்கிறாள், ஆசிரியராக நான் என்ன செய்யலாம்?

சோதனைக்குழாய்:
முதுகலை வேதியியல் வகுப்பு எடுக்கிறேன். என் மாணவி ஒருத்தி இப்போது ஐந்து மாதம். போன வாரம் எல்லாரும் வெளியே போகும்வரை நின்றிருந்து சொன்னாள். பிரசவத் தேதியும் பருவத் தேர்வும் ஒரே மாதத்தில் வருகின்றன. "படிப்பை நிறுத்தச் சொல்லிடுவாங்களா மேடம்?" என்றுதான் முதலில் கேட்டாள், எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நன்றாகப் படிக்கிற பெண். பெயர் சொல்லாமல் சக ஆசிரியர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பாதிப் பேர் "ஒரு வருஷம் கழிச்சு வரட்டும்" என்கிறார்கள், மீதிப் பேர் "பாத்துக்கலாம், விட்டுடவா போறோம்" என்கிறார்கள். வருகைப்பதிவு, ஆய்வகம், தேர்வு மூன்றும் இடிக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

கோப்புக்கட்டு:
அந்த இரண்டாவது கூட்டத்திடம்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நல்ல மனசோடுதான் சொல்வார்கள், ஆனால் தேர்வு வரும்போது துறைத்தலைவர் மாறியிருப்பார், ஹால்டிக்கெட் பிரிவில் இருப்பவருக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரியாது, அவர் கண்ணில் படுவது வருகை சதவீதம் மட்டும்தான். தேர்வுப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், இப்போதே மாணவி கைப்பட ஒரு விண்ணப்பம், கூடவே மருத்துவச் சான்றிதழ், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை விடுப்பு, அந்த நாட்கள் வருகையில் எப்படிக் கணக்காகும், விட்ட தேர்வை எப்போது எழுதலாம், எல்லாம் தாளில் வரட்டும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகல் மாணவியிடம் இருக்க வேண்டும்.

எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. இந்தியா என்றால் 2021 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிய கடிதத்தைத் தேடி எடுங்கள், இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைத் தளர்வு எல்லாவற்றுக்கும் விதி வகுக்கச் சொன்ன கடிதம் அது. முனைவர் பட்ட மாணவிகளுக்கு விதியிலேயே 240 நாள் வரை இருக்கிறது. 2023-இல் எம்.எட். மாணவி ஒருவருக்குப் பல்கலைக்கழகம் விடுப்பு மறுத்தபோது, அந்த முடிவை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்து மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. கேரள அரசும் அதே வருஷம் 18 வயது நிறைந்த மாணவிகளுக்கு 60 நாள் வரை மகப்பேறு விடுப்பு கொடுத்தது. அமெரிக்கா என்றால், கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-இன் டைட்டில் நைன் சட்டமே போதும். மருத்துவர் தேவை என்று சொல்லும் காலம் வரை விடுப்பு கொடுத்தாக வேண்டும், திரும்பி வரும்போது போன நிலையிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கைக்குழந்தையும் ஆய்வேடும்:
விதி எல்லாம் சரி. முதலில் அவரிடம் "உனக்கு என்ன வசதி?" என்று கேட்டீர்களா மேடம்? ஒரு வருஷம் கழித்து வா என்பது சிலருக்கு நிஜமாகவே நிம்மதி, சிலருக்கு அதோடு படிப்பு முடிந்தது என்று அர்த்தம், ஏனென்றால் வீட்டில் மறுபடி அனுப்புவார்களா என்பது யாருக்குத் தெரியும். அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

யாரும் யோசிக்காத சின்ன விஷயங்களும் உண்டு. கைப்பலகையோடு வரும் நாற்காலி ஏழு மாதத்துக்கு மேல் வயிற்றை இடிக்கும், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துதான் எழுத வேண்டும். தனி மேசையும் கதவோரம் இடமும் கேட்டு வாங்குங்கள். மூன்று மணி நேரத் தேர்வில் அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும், கண்காணிப்பாளருக்கு முன்பே சொல்லிவிட்டால் ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டாம்.

திரும்பி வந்தபிறகு இன்னொரு பாடு. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுக்காவிட்டால் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல்கூட வரலாம். "கழிவறையில் போய் எடுத்துக்கோ" என்பார்கள், தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே தாழ்ப்பாள், நாற்காலி, மின்செருகி, பக்கத்தில் கை கழுவ இடம், இவ்வளவு இருந்தால் போதும், எந்த ஆசிரியர் அறையையும் நேரம் குறித்து ஒதுக்கிவிடலாம். எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நான்கு மணி நேரம் வரை தாங்கும், குளிர்பெட்டியில் நான்கு நாள் வரை. தயவுசெய்து வேதிப்பொருள் வைக்கிற குளிர்பெட்டி வேண்டாம்.

புகைக்கூண்டு:
வேதியியல் என்றதும் எனக்கு இதுதான் முதலில் தோன்றியது. இந்தப் பருவத்துச் செய்முறைகளில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளை எடுத்து எச்360, எச்361 இருக்கிறதா என்று பாருங்கள். கருவுறும் திறனையோ கருவையோ பாதிக்கலாம், பாதிப்பதாகச் சந்தேகம் என்பதற்கான குறியீடுகள் அவை. டி.எம்.எஃப், டொலுயீன் போன்ற கரைப்பான்கள், ஈயச் சேர்மங்கள் எல்லாம் மாட்டும். எச்362 என்று ஒன்று உண்டு, அது தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, அதாவது அவர் திரும்பி வந்தபிறகும் பார்க்க வேண்டியது. அதற்காக ஆய்வகத்துக்கே வராதே என்று சொல்லிவிடாதீர்கள், செய்முறை மதிப்பெண் போய்விடும். கரைப்பானை மாற்றலாம், அல்லது அந்த ஒரு படியை இணை மாணவர் செய்ய, உங்கள் மாணவி அளவீடும் கணக்கீடும் செய்யலாம்.

கடைசிபெஞ்ச்:
குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். மற்ற மாணவர்கள் "எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை" என்று கேட்பார்களே?

கைக்குழந்தையும் ஆய்வேடும்:
கால் முறிந்தவனுக்கு மறுதேர்வு கொடுத்தபோது யாராவது கேட்டார்களா? கேள்வித்தாள் அதேதான், திருத்துவதும் அதேபோல்தான், எழுதும் தேதி மட்டும் வேறு. அப்புறம், படிக்கும்போதே அப்பா ஆகிறவர்களும் இருக்கிறார்கள். பிரசவ வாரத்தில் அவர்களுக்கும் உள்மதிப்பீட்டுத் தேதியைத் தள்ளிக் கொடுங்கள் என்பேன்.

சோதனைக்குழாய்:
எல்லாருக்கும் நன்றி. இன்று அவளை உட்காரவைத்துக் கேட்டேன், நிறுத்த விருப்பமில்லையாம், எழுத்துத் தேர்வுகளை மட்டும் அடுத்த முறை எழுதுகிறேன் என்கிறாள். விண்ணப்பம் தயார். செய்முறைத் தேர்வை மட்டும் முன்கூட்டியே, முதல் அணியோடு முடித்துவிட முடியுமா? அதற்கு யாரிடம் போக வேண்டும்?

கோப்புக்கட்டு:
பெரும்பாலும் முடியும். அணி பிரிப்பது துறையின் கையில்தான், வெளித்தேர்வாளர் வரும் முதல் நாளில் மாணவியின் பெயரைப் போடச் சொல்லுங்கள். பட்டியல் தேர்வுப் பிரிவுக்குப் போவதற்கு முன் சொல்ல வேண்டும், போனபிறகு மாற்றுவதற்குள் உயிர் போய்விடும்.