கலைச்சொல் தேவை: நிலத்திலிருந்து வெப்பத்தை இறைக்கும் பொறிக்கு என்ன பெயர்?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், சென்னை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் இதழுக்காக நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பொருள், ஜியோதெர்மல் ஹீட் பம்ப் தொழிலின் வழங்கல் சங்கிலியும் சந்தைப் போக்கும். கம்ப்ரசர் யார் செய்கிறார்கள், துளை போட ஆள் ஏன் கிடைக்கவில்லை, அமெரிக்காவில் வரிச்சலுகை போனபின் என்ன ஆகும் என்றெல்லாம் போகிறது. பக்கத்துக்கு ஐந்தாறு தடவை அந்தப் பெயர் வருகிறது. நான் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

அகராதியில் பம்ப்புக்கு ‘விசையியக்கக் குழாய்’ என்று இருக்கிறது. ‘புவிவெப்ப விசையியக்கக் குழாய்’ என்று எழுதிப் பார்த்தேன். ஒரு வரியை முழுசாக அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது. அதைப் பார்த்த இதழாசிரியர், “புவி வெப்பமாதலை உண்டாக்குற பம்பா?” என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. ‘புவி’, ‘வெப்பம்’ இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இன்றைக்கு யாருக்கும் அதுதான் தோன்றும்.

பொறியைத் தெரியாதவர்களுக்காக: ஓடுகிற ஃப்ரிட்ஜின் பின்புறம் கை வைத்தால் சுடும். உள்ளே இருந்த வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. அதே வேலையை நிலத்துக்கும் வீட்டுக்கும் நடுவே செய்வதுதான் இது. புதைத்த குழாயில் ஓடும் திரவம் நிலத்தின் வெப்பத்தைக் கொண்டுவரும், பொறி அதை இன்னும் சூடான நிலைக்கு ஏற்றி வீட்டுக்குள் விடும். ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் மூன்று நான்கு யூனிட் வெப்பம் வீட்டுக்கு வரும். கோடையில் திசையைத் திருப்பி, வீட்டு வெப்பத்தை நிலத்துக்குள் அனுப்பலாம்.

சொல் குட்டியாக இருக்க வேண்டும். சொல்லிப் பாருங்கள்.

*

மடல் 2: ஓய்வுபெற்ற இயந்திரவியல் பேராசிரியர், கோவை

அம்மா, பம்ப்புக்கு ‘எக்கி’ என்று இணையத்தில் பலரும் எழுதுகிறார்கள். ‘புவிவெப்ப எக்கி’ என்று வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. குழப்பம் படிக்கப் படிக்கத் தெளியும். பெயரே எல்லாவற்றையும் விளக்க வேண்டுமென்றால் எந்தப் பெயரும் தேறாது. வரையறை எதற்கு இருக்கிறது?

கருத்து ஒன்றும் புதிதல்ல. 1852-இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு இதை எழுதிவிட்டார். அதே பத்தாண்டில் ஆஸ்திரியாவின் எபன்சே உப்பு ஆலையில் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் உப்புநீர் காய்ச்ச இப்படியொரு பொறியைக் கட்டினார். வெப்பத்தை நிலத்திலிருந்தே எடுக்கலாம் என்று 1912-இல் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிச் சோலி.

*

மடல் 3: சுவீடனிலிருந்து

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது வருடமாகச் சுவீடனில் இருக்கிறேன். இந்தப் பொறி எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் ஒரு அலுமாரி மாதிரி நிற்கிறது. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், ‘புவிவெப்பம்’ என்பது பிழை. ஐஸ்லாந்தில் ஆவியாகச் சீறி வருகிறதே, அதுதான் புவிவெப்பம். எங்கள் வளவுக்குக் கீழே உள்ள பாறை 8 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. அந்த வெப்பத்தில் பெரும்பங்கு மேலே இருந்து, வெயிலால் வருடக்கணக்காக ஊறியது. ஊர்க் கிணற்றை நினைத்துப் பாருங்கள். மார்கழி விடியலில் துலாவால் அள்ளும் முதல் வாளி இளஞ்சூடாக இருக்கும். சித்திரை மத்தியானம் அதே கிணற்றுத் தண்ணீர் உடம்பைக் குளிரப்பண்ணும். தண்ணீர் மாறவில்லை, காற்றுத்தான் மாறியது. பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே நிலம் அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்திலேயே நின்றுவிடும். யாழ்ப்பாணத்தில் அது 28 பாகைக்குக் கிட்ட, ஸ்டாக்ஹோமில் 8.

எங்களுக்குத் துளை போட்டது ஒரே நாள் வேலை. 115 மில்லிமீட்டர் அகலம், 180 மீட்டர் ஆழம். காற்று ஊத ஊதச் சாம்பல் நிறச் சேறு ஒரு இரும்புத் தொட்டிக்குள் கொட்டியது. மண் உள்ள மேல்பகுதிக்கு இரும்புக் கேசிங். பிறகு யூ வடிவில் வளைத்த 40 மில்லிமீட்டர் பாலித்தீன் குழாயை அடிவரைக்கும் இறக்கி, தண்ணீரும் எத்தனாலும் கலந்து நிரப்பினார்கள். இங்கே பாறை கெட்டி. நிலத்தடி நீரே ஏறித் துளையை நிறைத்து, பாறையின் வெப்பத்தைக் குழாய்க்குக் கொடுக்கும். அமெரிக்காவில் போலப் பெண்டோனைட் என்ற களிமண்ணைக் குழைத்து அடைப்பது பெரும்பாலும் இல்லை.

நகரசபையில் அனுமதி எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் துளைக்கும் எங்களதுக்கும் இடையில் குறைந்தது 20 மீட்டர் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு விதி. கிட்டக் கிட்டப் போட்டால் ஒருவர் மற்றவருடைய வெப்பத்தை இறைத்துப்போடுவார். ஊரில் கிணற்றுப் பங்குக்கு நடந்த சண்டைகள் தெரியும்தானே?

இப்ப சொல்லுக்கு வருகிறேன். சுவீடிய மொழியில் பேச்சு வழக்கில் பம்ப் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ‘பெர்யவேர்மெ’ என்பார்கள், பாறைவெப்பம். குழாயை மண்ணில் படுக்கையாகப் புதைத்தால் மண்வெப்பம், ஏரிக்குள் போட்டால் ஏரிவெப்பம். 1970-களில் எண்ணெய் விலை ஏறின பிறகு பிடித்த பழக்கம். இன்றைக்கு ஒரு கோடிச் சொச்சம் சனம் உள்ள நாட்டில் 6 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எங்கிருந்து எடுக்கிறோம் என்பது பெயரிலேயே தெரிகிறது. அதனால் ‘நிலவெப்பம்’ என்று வையுங்கள். பம்ப்புக்கு இலங்கையில் ‘பம்பி’ என்று எழுதுவோம். நிலவெப்பப் பம்பி.

*

மடல் 4: திருச்செங்கோட்டிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்கு ரிக் வண்டித் தொழில். சுவீடன் அண்ணன் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. 115 மில்லிமீட்டர் என்றால் எங்கள் நாலரை இஞ்ச் போர்! ஹேமர், பட்டன் பிட், ராடு, கேசிங், காற்றுக்குப் பெரிய கம்ப்ரசர், எல்லாமே நாங்கள் வைத்திருப்பதுதான். எங்கள் ஊர் வண்டிகள் ஆப்பிரிக்கா வரைக்கும் போய் தண்ணீருக்குப் போர் போடுகின்றன.

ஒரே ஒரு வேண்டுகோள். ‘துளையிடல் ஒப்பந்ததாரர் பற்றாக்குறை’ என்றெல்லாம் எழுதாதீர்கள். போர் வண்டி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம், யாராவது ‘வெப்பக் கிணறு’ என்று ஆரம்பித்துவிடப் போகிறீர்கள். கிணறு என்றால் ஜனங்கள் தண்ணீரைத்தான் தேடுவார்கள். தண்ணீர் வராமல் வெறும் புழுதி பறந்தால் நாங்கள் ‘புகைதான் வருது’ என்போம். தோட்டக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. இந்தத் தொழிலில் எந்தப் போரும் பொய்க்காது போலிருக்கிறது. நல்ல தொழில்.

*

மடல் 5: மொழிபெயர்ப்பாளர், சென்னை

நன்றி. இரண்டு நாளாகக் கட்டுரையையும் உங்கள் மடல்களையும் மாற்றி மாற்றிப் படித்தேன். இப்போது எனக்கு ஒரு பக்கம் சாய்வு வந்துவிட்டது.

பொறி ஒரு பக்கம், துளை இன்னொரு பக்கம். இந்தத் தொழிலின் கதை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. பொறி சில கைகளுக்குள் அடங்கிக்கொண்டே வருகிறது. சுவீடனின் மார்கரீட் ஊரில் இருக்கும் நீபே நிறுவனம், அமெரிக்காவின் வாட்டர்ஃபர்னஸை 2014-இலும் கிளைமேட்மாஸ்டரை 2016-இலும் வாங்கியது. அமெரிக்க வீட்டுக்காரர் இரண்டு விலைப்பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தாலும் பணம் கடைசியில் ஒரே இடத்துக்குப் போகலாம். ஜெர்மனியின் ஃபீஸ்மான் தன் வெப்பக்கருவிப் பிரிவை அமெரிக்காவின் கேரியருக்கு 1,200 கோடி யூரோ மதிப்பில் விற்று, 2024 ஜனவரியில் கை மாறியது. பொறிக்குள் இருக்கும் கம்ப்ரசரைப் பொறி விற்பவரே செய்வது குறைவு. கோப்லண்ட், டான்ஃபாஸ் மாதிரிச் சிலரிடம் வாங்குகிறார்கள். கோப்லண்டும் 2023-இல் எமர்சனிடமிருந்து பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் பிடிக்குப் போனது.

பொறிக்குள் ஓடும் கேஸிலும் மாற்றம். பழைய கேஸான ஆர்-410ஏ-வின் புவி வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு. அமெரிக்காவில் 2025 ஜனவரி முதல் புதிய வீட்டுப் பொறிகளுக்கு 700-தான் வரம்பு. பலரும் அந்த வரம்புக்குள் அடங்கும் ஆர்-454பி பக்கம் சாய்ந்தார்கள். அந்த வெயில்காலமே அதற்குத் தட்டுப்பாடு. கேஸை விட அதை அடைக்கும் சிலிண்டருக்குத்தான் திண்டாட்டம் என்று கட்டுரையில் இருக்கிறது. நம் ஏ.சி. மெக்கானிக்கிடம் சொன்னால் நம்பமாட்டார்.

இத்தனையும் கப்பலில் ஏறி வரும். துளை வராது. அதை அந்தந்த வளவில், அந்தந்தப் பாறையில்தான் போட வேண்டும். ரிக் வாங்கினாலும் ஓட்டத் தெரிந்த ஆள் ஓரிரு மாதத்தில் உருவாக மாட்டார். வீட்டுக்காரருக்கு ஆகும் செலவில் கணிசமான பங்கு அங்கேதான் போகிறது. ஜெர்மனியில் 2023-இல் 3,56,000 ஹீட் பம்ப்புகள் விற்றன. 2024-இல் 1,93,000-ஆகச் சரிந்து, 2025-இல் மறுபடி ஏறியது. இந்த ஏற்ற இறக்கத்தை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: விற்றவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் காற்றிலிருந்து வெப்பம் எடுப்பவை. துளையே வேண்டாமே!

அங்கேதான் ‘புவிவெப்பம்’ எனக்கு உடைந்துபோனது. காற்றிலிருந்து எடுப்பதையும் நிலத்திலிருந்து எடுப்பதையும் கட்டுரை வரிக்கு வரி ஒப்பிடுகிறது. காற்றுவெப்பம், நீர்வெப்பம், நிலவெப்பம் என்றால் மூன்றும் ஒரே வரிசையில் உட்காரும். நடுவில் புவியைக் கொண்டுவந்தால் அது மட்டும் வேறு ஊர்க்காரர் மாதிரி நிற்கும். ஆங்கிலத்திலேயே இது தீராத வழக்கு. 1990-களில் அமெரிக்கத் தொழில்காரர்கள் ‘ஜியோஎக்ஸ்சேஞ்ச்’ என்று ஒரு பெயரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். அது ஊன்றவில்லை.

அடுத்தது பம்ப். எக்கி என்றால் எனக்கு எக்கிப் பார்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது, ஐயா கோபிக்கக் கூடாது. பம்பி நன்றாக இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டு வாசகர் எழுத்துப்பிழை என்று நினைத்துக் கடிதம் போடுவார். சுவீடன் அண்ணன் தன்னை அறியாமல் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டார்: “மற்றவருடைய வெப்பத்தை இறைத்துப்போடுவார்.” இறைத்தல்! பள்ளத்தில் இருப்பதை உழைப்புச் செலவழித்து மேட்டுக்குக் கொண்டுவருவது. ஏற்றமும் கமலையும் தண்ணீருக்குச் செய்ததை இந்தப் பொறி வெப்பத்துக்குச் செய்கிறது. மழையை நம்பிய மானாவாரிக்கு எதிராக ‘இறவை’ என்ற சொல் விவசாயிகளிடம் இன்றும் புழங்குகிறது. கோடையில் திசை மாறுமே என்றால், ‘வாரி இறைத்தான்’ என்றும் சொல்கிறோம் அல்லவா? வீட்டிலிருந்து இறைக்கும், நிலத்தில் இறைக்கும். இரண்டுக்கும் ஒரே வினை.

ஆகவே: நிலவெப்ப இறைப்பி.

இதிலிருந்து மற்றவையும் கிளைக்கின்றன. செலவழித்த மின்சாரத்தைப் போல எத்தனை மடங்கு வெப்பம் வந்தது என்பதற்கு ‘இறைப்பு மடங்கு’ என்று எழுதப்போகிறேன். “இதன் இறைப்பு மடங்கு 4” என்றால் விளக்கமே தேவையில்லை. திருச்செங்கோட்டுத் தம்பியின் பேச்சைக் கேட்டு, கிணறு வேண்டாம், ‘வெப்பத்துளை’. பேச்சில் போர் என்றே வரட்டும். துளைகள் வரிசையாக இருக்கும் இடத்துக்குத் ‘துளைப்புலம்’. அமெரிக்காவின் இந்தியானாவில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் நிலக்கரிக் கொதிகலன்களை நிறுத்திவிட்டுச் சுமார் 3,600 துளைகள் போட்டது. அதைத் தோட்டம் என்றோ வயல் என்றோ சொல்ல மனம் வரவில்லை.

ஒரு சோதனைக்கு, கட்டுரையின் ஒரு பத்தி:

“அமெரிக்காவில் 2022-இல் வந்த சட்டம் நிலவெப்ப இறைப்பி வைக்கும் வீட்டுக்காரருக்கு 30 விழுக்காடு வரிச்சலுகையை 2032 வரை உறுதி செய்திருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை அந்த ஆண்டு டிசம்பரோடு முடித்துவிட்டது. வணிகக் கட்டிடங்களுக்கான சலுகை தொடர்கிறது. எனவே வீட்டுக்கு ஒரு துளை என்ற சந்தை சுருங்கி, ஒருவர் முதலிட்டுப் பலருக்கு வெப்பம் வழங்கும் ஏற்பாடுகள் பெருகக்கூடும். மாசசூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹாமில் ஒரு எரிவாயு நிறுவனமே தெருவுக்கடியில் நீர்க்குழாய் பதித்து, 36 கட்டிடங்களின் இறைப்பிகளை ஒரே துளைப்புலத் தொகுப்போடு இணைத்து 2024 ஜூனில் இயக்கத் தொடங்கியது.”

எங்காவது இடறுகிறதா?

*

மடல் 6: பேராசிரியர், கோவை

இடறவில்லை. எக்கியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் முதல் பக்கத்தில் ஒரே ஒரு தடவை ‘புவிவெப்பப் பம்ப் என்றும் இதைச் சொல்வர்’ என்று எழுதிவிடுங்கள். தேடுகிறவர்கள் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் தேடுவார்கள். ‘துளைப்புலத் தொகுப்பு’ எதற்கு? புலம் என்றாலே தொகுப்புதான்.

துளையை அடைக்கும் கிரவுட்டுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?

*

மடல் 7: மொழிபெயர்ப்பாளர், சென்னை

தொகுப்பை வெட்டிவிட்டேன் ஐயா. கிரவுட்டுக்கு ‘அடைப்புக் கலவை’ என்று வைத்திருக்கிறேன், பிடிக்கவில்லை. கொத்தனார்கள் ‘சிமெண்ட் பால்’ என்பார்களே, அதுபோல் ‘பெண்டோனைட் பால்’ என்றால்?

*

மடல் 8: திருச்செங்கோட்டிலிருந்து

அக்கா, வெறும் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பால். வெப்பம் நன்றாகக் கடத்துவதற்கு மணலோ கிராஃபைட்டோ கலக்கிறார்களாமே, அப்படியென்றால் அது கூழ். குழாயை அடிவரை விட்டு, கீழிருந்து மேலே நிரப்ப வேண்டியிருக்கும். கட்டுரையில் எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.