அம்மாவின் பழைய எடையை டாக்டர் ஏன் கேட்டார்?

எழுபது தாண்டியதும் அம்மாவுக்கு எடை தானாகவே இறங்கத் தொடங்கியது. வருகிறவர்கள் எல்லாம் "நல்லா இளைச்சுட்டீங்களே" என்று பாராட்டினார்கள். விரலில் நிற்காத மோதிரத்துக்கு அடியில் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். பழகியவர்களின் பெயர் வாயில் வராமல் தவித்தார்.

நரம்பியல் டாக்டர் கேட்ட கேள்வி எனக்கு விநோதமாக இருந்தது: "நாற்பது, நாற்பத்தஞ்சு வயசுல எப்படி இருந்தாங்க?" பழைய போட்டோ ஒன்றைக் காட்டினேன். அதில் அம்மா நல்ல பருமன், அதுவும் வயிற்றுப் பகுதியில். ரத்த அழுத்தமும் அந்த வயதிலேயே வந்திருந்தது.

அதன்பிறகு நான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 40 முதல் 45 வயதுக்குள் பரிசோதிக்கப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக 27 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2005இல் வெளியானது. நடுவயதில் உடல் நிறை குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் BMI கணக்கு) 30ஐத் தொட்டவர்களுக்கு, அளவான எடை இருந்தவர்களைவிட மறதிநோய் வரும் வாய்ப்பு 74 சதவீதம் கூடுதல். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்புதான் பெரிய தொல்லை. அது உடலில் ஓயாத அழற்சியை உண்டாக்கும், இன்சுலின் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வருடக்கணக்கில் பழுதாகும்.

பருமனாக இருந்த எல்லோருக்கும் மறதி வருவதில்லை, ஒல்லியானவர்கள் தப்பிவிடுவதும் இல்லை. அம்மாவுக்கு இதனால்தான் வந்தது என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் முதுமையில் இளைத்தது நல்ல செய்தி அல்ல என்பதை அழுத்திச் சொன்னார். மறதி வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடை குறையத் தொடங்குவது உண்டாம். அதனால்தான் முதுமையில் மட்டும் எடை பார்த்தால், ஒல்லியானவர்களுக்குத்தான் மறதி அதிகம் என்பதுபோலக் கணக்கு தலைகீழாகத் தெரிகிறது.

இப்போது எனக்கு நாற்பத்து நான்கு. எனக்கு இடுப்புச் சுற்றளவு குறைய வேண்டும், அம்மாவுக்கு எடை இனி இறங்கக் கூடாது. வீட்டில் இருவருக்கும் தனித்தனியாக எழுதி வைத்துப் பார்க்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது எந்த முயற்சியும் இல்லாமல் இளைத்துக்கொண்டே வந்தால், தயவுசெய்து பாராட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.