சென்னையில் நாலு நாள் கல்யாண ஷாப்பிங்: தி.நகர் மட்டும் போதுமா?

ஈப்போ_மலர்
வணக்கம். ஜூலை கடைசி வாரம் மலேசியாவிலிருந்து அம்மா, தங்கை, நான் மூவரும் சென்னை வருகிறோம். வியாழன் காலை இறங்குகிறோம், ஞாயிறு நள்ளிரவு விமானம். எழும்பூரில் அறை. தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். முகூர்த்தப் பட்டோடு ஐந்து பட்டுப் புடவை எடுத்து, ரவிக்கையும் தைத்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒரு ஜோடி குத்துவிளக்கு, தாம்பூலத்தோடு கொடுக்க இருநூறு சின்னப் பரிசு, அண்ணன் மகளுக்குப் பரதநாட்டிய நகை, சலங்கை. எல்லாமே தி.நகரில் கிடைக்கும் என்கிறார்கள். சரிதானா?

மாம்பலவாசி
கிடைக்கும். ஆனால் பட்டைத் தவிர மற்றதை அங்கே தேடினால் விலையும் அதிகம், நேரமும் வீண். நீங்கள் வருவது ஆடி மாதம், தள்ளுபடிக் கூட்டம் உச்சத்தில் இருக்கும். சனி, ஞாயிறு மாலையில் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க முடியாது. ஆகவே வியாழனன்றே தி.நகரை முடியுங்கள். தையலுக்கும் அப்போதுதான் நேரம் கிடைக்கும்.

எழும்பூரில் தாம்பரம் பக்கம் போகும் லோக்கல் ரயில் ஏறினால் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம். இறங்கினால் ரங்கநாதன் தெரு. காலை பத்து மணிவாக்கில் அதன் வழியாகவே உஸ்மான் ரோட்டுக்குப் போய், வடக்கே பனகல் பார்க் வரை நடந்துவிடலாம். பட்டுக்குப் பேர்போன கடைகள் அந்தப் பக்கம்தான். மாலையில் பைகளோடு திரும்பும்போது அதே தெருவுக்குள் நுழைய வேண்டாம். தி.நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாம்பலம் ஸ்டேஷனுக்கு 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது, அதில் ஏறிக்கொள்ளுங்கள்.

பெரிய கடைகளில் ஒரே விலை, பேரம் கிடையாது. பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகளிடம் பேசி வாங்கலாம்.

ஊசிநூல்
மலர், புடவையை விட ரவிக்கைதான் உங்கள் நேரத்தைத் தின்னும். நன்றாகப் பொருந்தும் அளவு ரவிக்கை ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள். உடம்பில் எடுக்கும் அளவை விட அதுதான் நம்பகம், திருத்தத்துக்கு நாள் இல்லாதபோது இன்னும் முக்கியம்.

புடவையோடு வரும் ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். முழங்கை வரை கை வைத்து, பார்டரும் வர வேண்டும் என்றால் சிலருக்கு அது போதாது. வெட்டுவதற்கு முன்பே தையற்காரரிடம் காட்டிக் கேளுங்கள்.

லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டுத்தான் தைக்க வேண்டும். அவசரத் தையலில் முதலில் விடுபடுவது இதுதான். ஊறாத லைனிங் முதல் சலவையிலேயே சுருங்கி, மேலே பட்டு சுருக்கம் சுருக்கமாக நிற்கும். உள்தையலில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலமாவது துணி விடச் சொல்லுங்கள், கல்யாணத்துக்குள் உடம்பு கொஞ்சம் கூடினாலும் பிரித்துவிடலாம்.

தி.நகரில் இரண்டு நாளில் தைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், கூலி கூடும். ஞாயிறு காலை வேண்டும் என்று சொல்லாதீர்கள். சனி மாலைக்கே கேட்டு, அங்கேயே போட்டுப் பாருங்கள். ஆரி வேலை வேண்டாம். அது நாள்கணக்கில் உட்கார்ந்து செய்யும் கை வேலை, அவசரப்படுத்தினால் கல்லும் மணியும் உதிரும். ஃபால்ஸ், ஓரம் அடிப்பது, குஞ்சம் முடிவது மூன்றையும் வியாழனன்றே கொடுத்துவிடுங்கள்.

ஈப்போ_மலர்
மிக்க நன்றி. பட்டு அசல்தானா என்று கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? ஏர்போர்ட்டில் வரி திரும்பக் கிடைக்குமா?

ஊசிநூல்
சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா பாருங்கள். அது பட்டு நூலுக்கு மட்டும்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு அல்ல. முந்தானை ஓரத்தில் தொங்கும் இழை ஒன்றை எரித்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும். ஜரிகையில்தான் விலை வித்தியாசம் அதிகம்: அசலில் பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் இருக்கும், விலை குறைந்ததில் வெள்ளிக்குப் பதில் செம்பு. கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த ஜரிகை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் முகூர்த்தப் பட்டு எடுக்க வேண்டாம்.

வரி திரும்பக் கிடைக்காது. சுற்றுலாப் பயணிகளுக்கு ஜிஎஸ்டி திருப்பித் தரும் முறை இங்கே இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

பாரிமுனை
இருநூறு பரிசுக்கு பாரிமுனை, சௌகார்பேட்டை பக்கம் வாருங்கள். எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் நீல வழித்தடம் மாறினால் அடுத்த நிறுத்தமே உயர் நீதிமன்றம். வெள்ளிக்கிழமை வாருங்கள், ஞாயிறு மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பதினொரு மணிக்கு முன் வந்தால் ஷட்டர் பாதிதான் திறந்திருக்கும்.

இங்கே தெருவுக்கு ஒரு சரக்கு. பரிசுப் பொருள், பேன்சி சாமானுக்குக் காசி செட்டி தெரு, துணிக்கு கோடவுன் தெரு, பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெரு. மொத்த விலை என்பது பெரும்பாலும் டஜன் கணக்கு, ஒன்றிரண்டு கேட்டால் விலையே சொல்ல மாட்டார்கள். வாங்கிய இருநூறையும் அங்கேயே எண்ணிப் பிரித்துப் பாருங்கள், உடைசலை மறுநாள் மாற்றித் தருவது அரிது. சின்னக் கடைகளில் யுபிஐ அல்லது ரொக்கம்தான், வெளிநாட்டு கார்டை நம்பி வராதீர்கள்.

மாடவீதி
நாட்டிய நகைக்கு மயிலாப்பூர் மாட வீதிகள். ஆடி வெள்ளியன்று கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிக் கூட்டம் நெரியும், சனி காலை போங்கள். மேடைக்குச் செம்பின்மேல் முலாம் பூசி கெம்புக்கல் பதித்ததே போதும். வெள்ளியில் செய்தது பல மடங்கு விலை, வளரும் பிள்ளைக்கு அவசியமில்லை. நெற்றிச்சுட்டியையும் ஒட்டியாணத்தையும் குழந்தையின் அளவு வைத்துப் பார்த்து எடுங்கள். சலங்கையில் தோலின் தையலைத் திருப்பிப் பாருங்கள்: ஒவ்வொரு மணியும் தனித்தனியாக முடிச்சிட்டிருந்தால் ஒன்று அறுந்தாலும் மற்றவை உதிராது.

விளக்குக்கு அண்ணா சாலையில் உள்ள பூம்புகார், அரசின் கைவினைப் பொருள் கடை. நாச்சியார்கோயில் விளக்கு கேளுங்கள். பாதம், தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று திருகிக் கழற்றலாம். திருகு இறுகவில்லை என்றால் ஏற்றும்போது தட்டு சாய்ந்து எண்ணெய் வழியும், கடையிலேயே ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பாருங்கள். வார்ப்புப் பித்தளை கனக்கும், உயரத்தை முடிவு செய்யும் முன் எடை போடச் சொல்லுங்கள். பாகங்களைப் பழைய துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியின் அடியில் வையுங்கள். புடவைகளை பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிக் கைப்பையிலேயே எடுத்துப் போங்கள். கவருக்குள் ஈரம் தங்கினால் தை மாதத்துக்குள் ஜரிகை கறுத்துவிடும்.